ஐப்பசி பதின்மூன்றுக்குள்

பிங்கள வருஷம், புரட்டாசி 16, வியாழன்
சென்னப்பட்டணத்துக் கடல், அராபெல்லா கப்பல்

இந்நேரம் நான் முத்தியாலுப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்க வேண்டியவன். கப்பலில் உட்கார்ந்து, பொதிக் கணக்குக்காகக் கொண்டுவந்த காகிதத்தில் என் தலைவிதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் முதலாளி பொன்னப்ப முதலியார் கூப்பிட்டார். "வேதகிரி, கப்பலுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடு. நம்ம துணிப் பொதியில ரெண்டு நனைஞ்சிருக்குன்னு அந்தத் துரை ஏத்திக்க மாட்டேங்கிறான். பார்த்துப் பேசி முடி."

ஒரு நடையாம். இந்தப் பட்டணத்தில் கப்பல் கரைக்கு வராது. ஒரு கல் தூரத்தில் ஆழத்தில் நிற்கும். மசூலாப் படகில் மூன்று வரிசை அலையைத் தாண்டிப் போக வேண்டும். வேட்டியெல்லாம் நனைந்து, நூலேணியில் தொங்கி ஏறி, பெல் என்ற அந்தத் துரையிடம் அரை நாள் வாதாடினேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கோட்டைக் கொடிமரத்தில் எச்சரிக்கைக் கொடி பறக்கிறது. அலை பெரிதாகிவிட்டதாம், படகு போகக் கூடாதாம். என்னைக் கொண்டுவந்த படகுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

நாளைக் காலையில் போய்விடலாம்.

புரட்டாசி 17

கொடி இறங்கவில்லை.

இந்தக் கப்பலில் லஸ்கார் மாலுமிகள் முப்பது பேர் நாகூர்ப் பக்கத்துக்காரர்கள். இங்கிலீஷ் மாலுமிகள் பாதிப் பேர் காய்ச்சலில் போனதால் நம்மவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மீரா லெப்பை. கப்பலில் தண்டேல் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். காலையில் வந்து, "கணக்கப்புள்ள, பசியாறியாச்சா?" என்று கேட்டார்.

"நாங்க வெளியில சாப்பிடறது கிடையாதுங்க."

"வெளியிலயா? இது கப்பலு. இங்க உள்ளயும் கெடையாது வெளியயும் கெடையாது" என்று சிரித்தார். பிறகு அவரே போய் அவலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு இளநீரும் கொண்டுவந்து வைத்தார். இவற்றுக்குத் தோஷம் கிடையாது.

ஐப்பசி 13 எனக்குக் கல்யாணம். பூந்தமல்லியில் பெண். கடல் தாண்டினவன், கண்டவர் கையில் சாப்பிட்டவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பெண் வீட்டார் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இன்னும் கடல் தாண்டவில்லை. நங்கூரத்தில் நிற்கிற கப்பல் கடல் தாண்டியதாகாது. மாமாவிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

புரட்டாசி 18

எழுத முடிகிற வரை எழுதுகிறேன். விடிந்தபோதே வானம் ஈயம் மாதிரி இருந்தது. எங்களோடு ராஜாவின் போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. மனுவார் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வழிமறிக்காமல் வியாபாரக் கப்பல்கள் ஆறையும் கூட்டிப்போகப் போவது அதுதான். அதிலிருந்து பீரங்கி வெடித்தது. உடனே நம் கப்பலில் ஒருவன் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடி நங்கூரக் கயிற்றை வெட்டினான். தொடை பருமனான கயிறு. புத்தி கெட்டுப் போயிற்றா என்று லெப்பையைக் கேட்டேன்.

"புயல் வருது. கரையோரம் நின்னா கப்பலைத் தூக்கிக் கரையில அடிச்சிரும். ஆழத்துக்கு ஓடணும்."

"நான் இறங்கணும்!"

"எங்கன?" என்றார்.

கேப்டன் ஹாலோவேயிடம் ஓடி, இங்கிலீஷில், தமிழில், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. கோட்டை சின்னதாகி, மழைக்குள் போய்விட்டது.

புரட்டாசி 19

வாந்தி.

புரட்டாசி 20

வாந்தி. இளநீர் தீர்ந்துவிட்டது.

புரட்டாசி 21

புயல் ஓய்ந்தது. எந்தப் பக்கமும் கரை இல்லை.

கேப்டன் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் என்னை அவருக்கு ஞாபகமே இல்லை. "நீ யார்?" என்று கேட்டார். சொன்னேன். பட்டணத்துக்குத் திரும்ப முடியாதாம், பருவக்காற்று முந்திவிட்டதாம். திருகோணமலையில் தண்ணீர் பிடிக்க நிற்பார்களாம், அங்கே இறங்கிக்கொள்ளலாமாம்.

திருகோணமலையிலிருந்து தோணி கிடைத்தால் ஐப்பசி எட்டுக்குள் வீடு சேரலாம். மஞ்சள் இடிக்கிற சடங்குக்கு நான் இருக்க வேண்டியதில்லை. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

புரட்டாசி 23

இன்று சாப்பிட்டதைப் பற்றி எழுதப் போவதில்லை. உப்பு குறைவு.

புரட்டாசி 25

வடக்கே போகிற தோணி ஒன்று தெரிந்தது! பட்டணத்துப் பக்கம்தான் போகிறது என்று லெப்பை சொன்னார். கேப்டன்கூட, சரி, கூப்பிட்டு ஏற்றி அனுப்புங்கள் என்றார். பாயைச் சுருட்டி வேகத்தைக் குறைத்தோம். மேல்துண்டைக் கழற்றி வீசிக்கொண்டே நின்றேன். தோணியில் இருந்தவர்களின் முகம் தெரிகிற அளவுக்கு நெருங்கிவிட்டது.

மனுவாரிலிருந்து குண்டு ஒன்று பறந்து வந்து எங்களுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது. வரிசையை விட்டுப் பிரியக் கூடாதாம். பிரிந்தால் அடுத்த குண்டு கப்பல் மேலேயே விழுமாம். எங்களைக் காப்பாற்ற வந்த கப்பல்! பெல் துரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த வார்த்தைகளில் பாதி எனக்குத் தெரியாது. மீதியை நானும் சொன்னேன்.

தோணி போய்விட்டது.

புரட்டாசி 27

காற்று இல்லை. பாயெல்லாம் ஈர வேட்டி மாதிரி தொங்குகின்றன. நடுப் பாய்மரத்தில் பாதி உயரத்தில் நிற்க ஒரு பலகை இருக்கிறது. கரை தெரிகிறதா என்று பார்க்க அதில் ஏறினேன். அதற்காக மட்டுமே. தெரியவில்லை.

புரட்டாசி 28

இன்றும் ஏறினேன். நேற்று மேகமாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை. மேலே போனால் கப்பல் ஒரு வெற்றிலைத் தட்டு அளவுதான். எங்கள் பின்னால் மற்ற ஐந்து கப்பல்களும் வெள்ளையாக வரிசையில் வருகின்றன. தண்ணீர் கப்பலருகே ஒரு நிறம், தள்ளி ஒரு நிறம், இன்னும் தள்ளிப் போனால் அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. சாப்பாட்டுக்குக் கீழே கூப்பிட்டார்கள். கொஞ்சம் தாமதமாகப் போனேன்.

கரை தெரியவில்லை.

புரட்டாசி 30, திருகோணமலை

கரை! மூட்டை என்று எதுவும் இல்லாவிட்டாலும் விடியற்காலையிலேயே தயாராகி ஏணிப் பக்கம் நின்றுகொண்டேன்.

எங்கள் படகு இறங்குவதற்குள் மனுவாரின் படகு வந்துவிட்டது. துப்பாக்கிச் சிப்பாய்களோடு ஒரு சின்னத் துரை ஏறினார். போர்க்கப்பலில் ஆள் போதவில்லை, ராஜாவின் சேவைக்கு ஆள் எடுக்கிறோம் என்றார். இங்கிலீஷ் மாலுமிகளை நிற்கவைத்து, சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி தோளைத் தட்டிப் பார்த்து ஒன்பது பேரைப் பிரித்தார். கேப்டன் முகம் சிவந்து கத்தினார். சட்டம் அப்படித்தானாம்.

ஒன்பது பேரில் டாப்சனும் ஒருவன். லஸ்கார்களின் பேச்சு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கேப்டனின் உத்தரவை அவர்களுக்குச் சொல்வது அவன் வேலை. பெரிய உடம்பு. அவன் ஊரைவிட்டு வந்தபின் பிறந்த மகளை இன்னும் பார்த்ததில்லை, இந்தத் தடவை போய்ப் பார்க்கப் போகிறேன் என்று லெப்பையிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். படகில் இறங்கும்போது தேம்பித் தேம்பி அழுதான். போர் முடிகிறவரை விடமாட்டார்களாம். போர் எப்போது முடியும் என்று நான் சின்னத் துரையைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் களேபரத்தில் என்னை யாரும் இறக்கவில்லை.

ஐப்பசி 1

காலையில் கேப்டனிடம் போய் நின்றேன். "ஐயா, படகு."

அவர் மெதுவாகத்தான் பேசினார். "உனக்கு இங்கிலீஷ் தெரியும். அவர்கள் பேச்சும் தெரியும். டாப்சன் போய்விட்டான். நான் சொல்வது இந்த முப்பது பேருக்கும் புரியாவிட்டால் முதல் காற்றிலேயே கப்பல் கவிழும். உன்னை இறக்க முடியாது."

"நான் கணக்கப்பிள்ளை ஐயா."

"நேற்றுவரை."

"எனக்குக் கல்யாணம்."

அவர் கொஞ்ச நேரம் என் தோளில் கை வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏணிக்கு ஓடினேன். தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏறிவிட்டன, படகை மேலே தூக்கிவிட்டார்கள். குதித்திருக்கலாம். எனக்கு நீந்தத் தெரியாது. அடுத்த கரை எது என்று லெப்பையைக் கேட்டேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "நன்னம்பிக்கை முனை. அதுக்கப்புறம் சீமை."

கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். உள்ளே மூச்சு முட்டியது. மேலே வந்துவிட்டேன்.

ஐப்பசி 5

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்கக் கத்த வேண்டியிருக்கிறது. லஸ்கார்களுக்கென்று ஒரு பேச்சு. ஆரியா என்றால் இறக்கு. ஆவேஸ் என்றால் ஏற்று. மூன்று பாய்மரங்களிலும் ஒவ்வொரு கயிற்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர், இவர்களிடம் ஒரு பெயர். என் சொந்தக்காரர்களே இத்தனை பேர் இல்லை. தெரியாமல் இருந்தால் நல்லது. படுத்தால் கனவிலும் வந்து தொலைகின்றன.

இன்று கப்பலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினோம். கேப்டன் சொல்ல, நான் கத்த, முப்பது பேரும் ஒரே மூச்சில் இழுக்க, இவ்வளவு பெரிய கப்பல் மூக்கைத் திருப்பியது. பாய்களெல்லாம் ஒரு நிமிஷம் படபடத்துவிட்டு மறுபக்கம் புடைத்து நின்றன. லெப்பை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பதிலுக்குத் தலையாட்டவில்லை. என்னைச் சிறை வைத்த கப்பல் இது.

ஐப்பசி 9

வீட்டில் இந்நேரம் பந்தக்கால் நட்டிருப்பார்கள். நான் இல்லாமல் என்ன செய்வார்கள்? தேதியைத் தள்ளிவைப்பார்கள். வேறென்ன செய்ய முடியும்?

செங்கமலத்தின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். பெண் பார்க்கப் போனபோது குனிந்தே இருந்தாள். வகிடு ஞாபகம் இருக்கிறது, நேராக எடுத்திருந்தாள். முகம் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா என்பதும் தெரியாது.

ஐப்பசி 13

முற்பகலில் மேற்கே கறுத்தது. ஒரு பெரிய சூறை. கேப்டன் மேல் பாயைச் சுருட்டச் சொன்னார். நான் கத்தினேன். எட்டுப் பேர் ஏறினார்கள், முன்னால் லெப்பை. அவர் ஏறியிருக்க வேண்டியதில்லை. சின்னப் பையன்களை அனுப்பிவிட்டுத் தான் கீழே நிற்கிற ஆள் இல்லை. பாதி சுருட்டுவதற்குள் காற்று அடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தளத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். மேலே குறுக்குக் கட்டை முறிந்த சத்தம் பீரங்கி போலக் கேட்டது. ஏழு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். லெப்பையின் இடது கை முறிந்த கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

யார் ஏறச் சொன்னார்கள் என்று தெரியாது, நான் ஏறினேன். கரை பார்க்க ஏறுகிற பலகையையும் தாண்டி ஏறினேன். இரண்டு பேர் கட்டையை நெம்ப, நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கீழே பார்க்கவில்லை. "கணக்கப்புள்ள, விட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னார். விடவில்லை.

கீழே வைத்தியத் துரை இரண்டு விரல்களை எடுத்துவிட்டார். லெப்பையின் தலை என் மடியில் இருந்தது. தண்ணீர் கேட்டார். என் செம்பில் இருந்ததைக் கொடுத்தேன். மிச்சத்தை நான் குடித்தேன். தாகமாக இருந்தது.

அதற்குள் கப்பலின் அடியில் எங்கோ பலகை விட்டுவிட்டது என்றார்கள். மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்தோம். கேப்டனும் இறைத்தார். கைத் தோல் உரிந்துவிட்டது, இதற்கு மேல் எழுதுகோல் பிடிக்க முடியவில்லை.

ஐப்பசி 14

நேற்று வியாழன். நேற்று பதின்மூன்று.

ஐப்பசி 16

தண்ணீர் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. மனுவாரிலிருந்து கொடிகளால் சேதி வந்தது: உங்களால் வரிசைக்கு ஈடுகொடுக்க முடியாது, திருகோணமலைக்குத் திரும்புங்கள். அவர்கள் எங்களுக்காக நிற்கவில்லை. பிரியப் பார்த்தோம் என்று குண்டு போட்டவர்கள் இன்று தாங்களே பிரித்துவிட்டுப் போகிறார்கள். மனுவாரும் ஐந்து கப்பல்களும் தெற்கே போய் மறைந்தன. டாப்சன் இருந்த மனுவார்தான் முதலில் மறைந்தது.

திரும்பச் சொன்னதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். இறைக்கிற முறை வந்துவிட்டது, போகிறேன்.

ஐப்பசி 24, திருகோணமலை

வந்து சேர்ந்துவிட்டோம். மூழ்கவில்லை. கேப்டன் எல்லாருக்கும் நன்றி சொன்னார். நான்தான் அதையும் தமிழில் சொன்னேன்.

கார்த்திகை 10

மழை. வடக்கே எந்தத் தோணியும் போகாது. மார்கழி கடைசிவரை கடல் மூடியிருக்குமாம். வழி இல்லாதபோது கரையில் இருந்தும் என்ன பயன்? கப்பலை மணலில் சாய்த்துப் பலகை மாற்றுகிறார்கள். வேலையில்லாததால் தினமும் போய் நிற்கிறேன். லெப்பையின் கை ஆறுகிறது. மூன்று விரல்களால் முடிச்சுப் போட்டுப் பழகுகிறார், வராவிட்டால் கயிற்றைத் திட்டுகிறார். தேதியைத் தள்ளிவைத்திருப்பார்கள், தைக்கு மாற்றியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். "இன்ஷா அல்லா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

தை 11, முத்தியாலுப்பேட்டை

நாகப்பட்டினத்தில் தோணி இறங்கி, லெப்பையை நாகூரில் அவர் வீட்டில் விட்டுவிட்டு, மீதி தூரம் நடந்தேன். அவர் மனைவி அந்தக் கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர், "இந்தக் கணக்கப்புள்ளதான் மேல ஏறி வந்து புடிச்சாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

இங்கே வாசலில் அம்மா என்னைப் பார்த்ததும் அலறினாள். கட்டிக்கொள்ள ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அங்க என்னடா சாப்பிட்ட?"

மாமா வந்தார். "யார் கையால சாப்பிட்ட?" பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். "தண்ணி யாருது?" பிராயச்சித்தம் செய்கிறவரை பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி தணிகாசலம் கடைசியாக வந்தான். புது வேட்டி கட்டியிருந்தான். "கப்பல் சீமைக்குப் போய்டுச்சுன்னு கோட்டையில சொன்னாங்கண்ணே. முகூர்த்தம் தவறக் கூடாதுன்னு பெண் வீட்டுல... மாமாதான்..." என்று இழுத்தான்.

"எப்போ?"

"அதே தேதியிலதான்."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத பயல், பயத்தில் நிற்கிறான். சாப்பிடு போ என்றேன்.

தை 14

முதலாளியைப் பார்க்கப் போனேன். என் இடத்திலும் தணிகாசலம்தான் உட்கார்ந்திருக்கிறான். முதலாளி வாசலிலேயே நிறுத்தி, "நல்லவேளை உசிரோட வந்தே" என்றார். பிறகு, "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணின?" என்றார்.

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போய்விட்டேன். அராபெல்லா வந்து நிற்கிறது. பலகை மாற்றிய இடம் வெளிறித் தெரிகிறது. மாசியில் மறுபடி புறப்படுகிறது. கேப்டன் ஆள் அனுப்பியிருந்தார், துபாஷியாக வருகிறாயா என்று. இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

தை 16

பிராயச்சித்தத்துக்கு நாள் பார்த்துவிட்டதாக மாமா சொன்னார். இப்போது வேண்டாம், மாசியில் திரும்பவும் போகிறேன், வந்தபின் இரண்டுக்கும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்றேன். மாமா செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார். அம்மா அழுதாள், திட்டினாள், பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு என்னைவிட்டு எட்டி உட்கார்ந்து அரிசி புடைத்தாள்.

மத்தியானம் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மோர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்பி மனைவி மூத்தாரிடம் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமும் இல்லை.

"சுத்தியும் தண்ணின்னா, எந்தப் பக்கம் போறோம்னு எப்படித் தெரியும்?"

கையில் சோற்றோடு அப்படியே இருந்தேன். வந்த நாளிலிருந்து எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா மோரோடு வந்துவிட்டாள். உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் வேகமாகத் தொடங்கியது.

செங்கமலத்தோடு பேச எனக்கு உரிமை இல்லை. இந்த ஜன்மத்தில் இனி வராது.

"அம்மா" என்றேன், வேண்டியதைவிடச் சத்தமாக. "கப்பல்ல ஒரு ஊசி இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. எப்படித் திருப்பினாலும் வடக்கையே காட்டும்."

"சரி, மோர் ஊத்தட்டுமா?"

"பகல்ல சூரியன். அது மறைஞ்சா நட்சத்திரம். மேகம் மூடிட்டா காத்து எந்தக் கன்னத்துல படுதுன்னு பாப்பாங்க. தண்ணி நிறத்தை வெச்சே ஆழம் சொல்லுவாரு லெப்பை. கரைகிட்ட பச்சை, தள்ளிப் போனா நீலம், அதுக்கும் அப்பால..."

"யாருடா இதையெல்லாம் இப்போ கேட்டது?" என்றாள் அம்மா, சொம்பைப் பிடித்தபடி.

உள்ளே அம்மிச் சத்தம் நின்றிருந்தது.

நான் மேலே சொன்னேன்.